கனமான லூமினாவை வைத்துக்கொண்டு ஆட்டோகிராஸில் நேரம் குறைப்பது எப்படி?

லூமினா_சாட்ஸ்வொர்த் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2008 ஷெவ்ரோலே லூமினா எஸ்எஸ் இருக்கிறது. 6.0 வி8, ஆறு கியர் மேனுவல். மச்சானிடமிருந்து வாங்கினேன். அவர் செய்துவைத்த வேலைகள் இவை: 20 இஞ்ச் மேக் (அலாய்) வீல், 245/35 டயர், 60 மில்லிமீட்டர் தாழ்த்திய ஸ்பிரிங், பெரிய எக்ஸாஸ்ட், ஏர் இன்டேக், ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) ட்யூன், பின்பக்கம் தடித்த ஆன்ட்டி-ரோல் பார் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), பூட்டில் இரண்டு சப்வூஃபர்.

போன மாதம் ஒரு பெரிய வண்டி நிறுத்துமிடத்தில் கோன் வைத்து, ஒவ்வொருவராக ஓட்டி நேரம் எடுக்கும் ஆட்டோகிராஸ் போட்டியில் முதல்முறை ஓட்டினேன். ஓட்டம் ஐம்பது விநாடிக்குக் கொஞ்சம் மேலே வரும். என்னைவிட ஆறு விநாடி வேகமாக ஓடியது ஒரு பழைய சிட்டி கோல்ஃப் (சின்ன ஃபோக்ஸ்வாகன்)! நேர்ப்பாதையில் அவர் என் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் ஸ்லாலமில் (வரிசையாக வைத்த கோன்களுக்கு நடுவே இடமும் வலமுமாக வளைந்து போவது) முதல் இரண்டு கோன் சரியாகப் போகிறது, மூன்றாவதில் மூக்கு வெளியே தள்ளுகிறது, நான்காவதில் பின்பக்கம் சுற்றுகிறது. கோனைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம் வேறு.

வீட்டுக்கு வரும் வழியில் எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன். நான் இல்லாமல், கால் டேங்க் பெட்ரோலோடு 1,820 கிலோ.

என்னிடம் சுமார் 25,000 ராண்ட் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் போடலாம், இன்னும் சேர்த்துவை என்கிறான் நண்பன். இன்னொருவர் பின் சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றிப் போடச் சொல்கிறார். பெரிய பிரேக் வாங்கு என்று மூன்றாவது ஆள். எதில் தொடங்குவது? காரை விற்றுவிட்டுச் சின்னது வாங்கு என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம், அதை வீட்டிலேயே தினமும் கேட்கிறேன்.

மெரிபேங்க்_மாமா எழுதியது:

தம்பி, அந்தச் சிட்டி கோல்ஃப் என்னுடையதுதான். வெள்ளை, 1.8, பானட்டில் பெயின்ட் உரிந்தது. வருத்தப்படாதே, கோல்ஃபுக்கு முன்னால் நான் ஓட்டிக்கொண்டிருந்தது பிஎம்டபிள்யூ ஈ34 540ஐ. அதுவும் வி8, அதுவும் யானை. ஆகவே உன் தலைவலி எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஃபிட்டர் நான், நேரம் நிறைய இருக்கிறது, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

சூப்பர்சார்ஜர் பேச்சை இன்றோடு விடு. கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த எஞ்சின் 270 கிலோவாட். இரண்டாம் கியரிலேயே மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வரை போகும். நம் ஓட்டத்தில் அந்த வேகம் எங்கே வருகிறது? கடைசி நேர்ப்பாதையில் ஒரு கணம். மீதி நேரமெல்லாம் நீ ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மிதித்திருப்பாய்.

இப்போது எடைக்கு வருவோம். உன்னையும் சேர்த்து வண்டி 1,900 கிலோ என்று வை. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1.6 மீட்டர். 0.9 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல 0.9 மடங்கு பக்கவிசையில்) திரும்பும்போது சுமார் 590 கிலோ உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும். 950 கிலோ சுமக்க வேண்டிய வெளிப்பக்கத்து இரண்டு டயரும் 1,540 கிலோ சுமக்கின்றன. தலைக்கு 770. எஞ்சின் இருக்கும் பக்கம் என்பதால் முன் வெளிப்பக்க டயரில் அது 800-ஐத் தாண்டும். உன் 245/35 டயரின் பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து 95 என்று எழுதியிருக்கிறதா பார். அந்த எண்ணுக்குப் பொருள் 690 கிலோ. ஓரிரு விநாடிக்கு இப்படி ஏறுவதால் டயர் வெடிக்காது, பயப்படாதே. ஆனால் பிடிப்பு என்று பார்த்தால் அது ஏற்கெனவே தன் வேலைக்கு மேல் செய்துகொண்டிருக்கிறது.

என் கோல்ஃபுக்கு இதே கணக்கைப் போட்டால் வெளிப்பக்க டயர் ஒன்றுக்கு 400 கிலோ. டயர் அகலம் 195. உன்னுடையது 245. அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு எவ்வளவு சுமை என்று வகுத்துப் பார், உன்னுடையது என்னுடையதைப்போல ஒன்றரை மடங்கு. டயரில் சுமை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாகாது, குறைவாகத்தான் கூடும். நீ ஆறு விநாடி பின்னால் இருப்பதில் பாதி இந்த ஒரு விஷயம்தான்.

மீதிப் பாதி உன் மச்சான். அவரைக் குறை சொல்லவில்லை, சனிக்கிழமை இரவு கடற்கரைச் சாலையில் ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நின்று பார்க்க அந்தக் கார் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவர் செய்த ஒவ்வொரு வேலையும் கோனுக்கு எதிராகவே நிற்கிறது. அந்த 60 மில்லிமீட்டரை எடுத்துக்கொள். தாழ்த்தினால் வண்டி குறைவாகச் சாயும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) வைத்த முன்பக்கத்தில் அது ஓர் அளவு வரைக்கும்தான். சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டால், ரோல் சென்டர் (வண்டி சாயும்போது சுழலும் புள்ளி) வண்டி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். புவியீர்ப்பு மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடும். அப்போது வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். அதுவும் போதாதென்று ஷாக்கில் இறங்க இடம் இல்லாமல் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர்த் தடுப்பில் போய் உட்காரும். உட்கார்ந்த நொடியில் அந்த மூலையின் ஸ்பிரிங் கல்லாகிவிடும், டயர் வழுக்கும். மூன்றாவது கோனில் மூக்கு தள்ளுகிறது என்றாயே, சக்கரத்தைக் கழற்றி ஸ்ட்ரட் தண்டில் பம்ப் ஸ்டாப் இடித்த தடம் இருக்கிறதா என்று பார். பந்தயமே கட்டுவேன்.

நான்காவதில் பின்பக்கம் சுற்றுவதற்கு இரண்டு காரணம். ஒன்று, மச்சான் போட்ட தடித்த பின் பார். அதைக் கழற்றிவிட்டுப் பழைய பாரைப் போடு. கனமான, பின்சக்கர இழுவை உள்ள வண்டியில் பின்பக்கத்தைக் கெட்டியாக்கினால் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகிப் புகைவிடும், வண்டி முன்னே போகாது. பார் மாற்ற ஆசை இருந்தால் முன்னால் தடித்ததைப் போடு. புத்தகத்தில் படித்தவர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள், முன் பார் தடித்தால் மூக்கு இன்னும் தள்ளுமே என்று. கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் கோணம்) சரியாக உள்ள வண்டியில் அது உண்மை. கேம்பர் இல்லாத ஸ்ட்ரட் வண்டியில் சாய்வைக் குறைத்தாலே டயர் தரையில் தட்டையாக நிற்கும், பிடிப்பு கூடும். என் ஈ34-இல் கண்ணால் பார்த்தது.

இரண்டாவது காரணம் நீ. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இருபது இஞ்ச் மேக்கைக் கழற்று. குளியலறைத் தராசில் டயரோடு நிறுத்திப் பார், மூச்சு நின்றுபோகும். ஒன்பது இஞ்ச் அகலமுள்ள 18 இஞ்ச் வீலும் 265/40 டயரும் தேடு. உயரம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அந்த அளவில் 101 சுமை எண் உள்ள டயர் கிடைக்கும், அதாவது 825 கிலோ. ட்ரெட்வேர் (டயரின் தேய்மான எண்) 200-க்குப் பக்கத்தில் உள்ளதாக வாங்கு. உன் 25,000-இல் பெரும்பகுதி இதற்கே போகட்டும். மிச்சத்தில் ஒழுங்கான ஷாக்கும், 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தும் ஸ்பிரிங்கும், அலைன்மென்ட்டும். முன்னால் கேம்பர் இரண்டரை டிகிரி உள்பக்கம் கிடைத்தால் நல்லது, டோ (சக்கரங்களின் மூக்கு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். பெரிய பிரேக் தேவையே இல்லை. ஒரு நிமிட ஓட்டத்தில் பிரேக் எங்கே சூடாகப் போகிறது? ரேஸ் பேடும் வேண்டாம், அது சூடாகும்வரை பிடிக்காது. சூடாவதற்குள் உன் ஓட்டம் முடிந்திருக்கும்.

காற்றழுத்தம் பற்றிப் பலர் அலட்சியம். கனமான காரில் முன் டயர் பக்கச்சுவரிலேயே உருளும். தோள்பட்டையில் சாக்பீஸால் கோடு போடு, ஓட்டம் முடிந்து வந்து எங்கே வரை அழிந்திருக்கிறது என்று பார். பக்கச்சுவரில் சின்ன முக்கோணக் குறி இருக்கும், அதைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று ஏற்று. அங்கே வரவே இல்லை என்றால் கொஞ்சம் இறக்கு. டர்பனில் பிப்ரவரி மாதத் தார் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டாவது ஓட்டத்துக்குள் அழுத்தம் தானாக ஏறிவிடும். செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஓட்டங்களுக்கு நடுவே டயரில் தெளி. சிரிப்பார்கள், அப்புறம் வந்து கடன் கேட்பார்கள்.

இப்போது உன் முறை. பக்கியில் (பிக்கப் வண்டியில்) பாதி நிரம்பிய தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பியிருக்கிறாயா? நீ திருப்பிய பிறகு தண்ணீர் ஒரு கணம் தாமதித்துத்தான் மறுபக்கம் வரும். உன் காரும் அப்படித்தான். நீ ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கும் எடை போய் வெளிப்பக்கம் உட்காருவதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. என் கோல்ஃபுக்கு அது மிகச் சின்னது, கோன் பக்கத்தில் வந்த பிறகு திருப்பினாலும் தப்பித்துவிடுவேன். நீ அப்படிச் செய்தால் முதல் கோனில் அரை அடி தாமதம், அடுத்ததில் ஓர் அடி, மூன்றாவதில் ஒரு மீட்டர். அதைச் சரிக்கட்ட ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவாய், ஆக்சிலரேட்டரிலிருந்து காலையும் எடுப்பாய், எடை எல்லாம் முன்னால் பாயும், பின்பக்கம் சுற்றும். நான்காவது கோனில் நடந்தது இதுதான்.

அதனால் ஸ்லாலமுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறை, நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடு. முதல் கோனை ஒட்டிப் போ. கோனைத் தாண்டும்போது வண்டியின் மூக்கு ஏற்கெனவே அடுத்த கோனின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கண் எப்போதும் இரண்டு கோன் தள்ளி. காலை எடுக்காதே, மெல்லிய அளவில் ஒரே நிலையில் வைத்திரு. வேகமாகப் போகிறோம் என்று உனக்கே தோன்றாது, கடிகாரம்தான் சொல்லும்.

சின்ன வயதில் அப்பா எங்களைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் ஓட்டப்பாதைக்குக் கூட்டிக்கொண்டு போவார். 1981-இல் அதை மூடிவிட்டார்கள். எங்களை எந்த வேலிக்குப் பின்னால் நிற்க விட்டார்கள் என்பது வேறு கதை. அங்கே பெரிய அமெரிக்க வி8-கள் சின்ன மினிகளோடு ஓடும். வளைவில் மினி முந்தும், நேரில் வி8 முந்தும். கூட்டம் எப்போதும் மினிக்குத்தான் கைதட்டும், நான் மட்டும் வி8 கட்சி. ஆகவே உன் காரை விற்கச் சொல்ல மாட்டேன்.

வெருலம்_ரன்எக்ஸ் எழுதியது:

அங்கிள் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் எடையைச் சாதாரணமாக விட்டுவிட்டார். நான் ஓட்டுவது டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ. 1,200 கிலோதான், ஆனாலும் ஸ்பேர் வீலையும் ஜாக்கியையும் எடுத்தாலே ஸ்லாலமில் எனக்கு வித்தியாசம் தெரிகிறது. தம்பி, அந்த சப்வூஃபர் பெட்டியை முதலில் இறக்குங்கள். இலவசமாகக் குறையும் எடை அது. பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற எடை வேறு, அதுதான் பின்பக்கத்தை ஊசலாட விடுகிறது. அது தளர்ந்து ஆடினால் பரிசோதனையிலேயே உங்களை நிறுத்திவிடுவார்கள். காருக்குள் எதுவும் கட்டாமல் கிடக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட.

ஆனால் பின் சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றும் முன் வகுப்பு விதியைப் படியுங்கள். உள்ளே எதையாவது கழற்றினால் பல இடங்களில் உங்களை மாற்றியமைத்த கார்களின் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே ஸ்லிக் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய) டயரோடு வருபவர்களோடு போட்டி போட வேண்டும். நாற்பது கிலோவுக்காக அது வேண்டுமா?

இன்னொன்று, ஆண்களுக்கு இது பிடிப்பதில்லை. வேகமாக ஓட்டும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள், விதி அனுமதித்தால். என் அண்ணன் காரை நான் ஓட்டி மூன்று விநாடி குறைத்தேன். அவர் இரண்டு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரும் குறைத்தார். கார் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

காப்பீட்டையும் பாருங்கள். நேரம் எடுக்கும் போட்டியைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்காது. மோட்டார்ஸ்போர்ட் சவுத் ஆப்பிரிக்கா அனுமதி பெற்ற நிகழ்ச்சிக்கே போங்கள். யாரோ வாட்ஸாப்பில் கூப்பிட்டார்கள் என்று காலி மைதானத்துக்குப் போகாதீர்கள்.

லெனேசியா_வி8 எழுதியது:

ஜோபர்க் பக்கமிருந்து ஒரு குரல். எங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். டர்போ இல்லாத எஞ்சின் இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். என் லூமினாவும் உங்களுடையதைப் போலத்தான், ஆனால் இங்கே அதற்கு 225 கிலோவாட் இருந்தால் அதிகம். ஆனாலும் கோனுக்கு நடுவில் அதை ஓட்டுவது கடற்கரையில் ஓட்டுவதைவிடச் சுலபம், சக்கரம் வீணாகச் சுற்றுவதில்லை. சூப்பர்சார்ஜர் வாங்குவதா என்ற கேள்விக்கு இதுவே பதில்.

வீல் தேடும்போது ஒரு விஷயம். லூமினாவின் துளை அளவு 5×120 (120 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்), பழைய பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றுடையதும் அதேதான். நம் நாட்டில் பிஎம்டபிள்யூ வீலுக்குப் பஞ்சமில்லை, ஸ்கிராப்யார்டு முழுக்கக் கிடக்கிறது. ஆனால் நடுத்துளை பிஎம்டபிள்யூவில் பெரியது, அதனால் ஹப்பில் (வீல் மாட்டும் மையத்தில்) வளையம் போட்டே மாட்ட வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட்டை (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்ற அளவை) அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், ஸ்ட்ரட்டில் உரசும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இங்கிருந்து போனபிறகு அசல் பாகங்கள் கஷ்டம். இது ஆஸ்திரேலிய ஹோல்டன் கமடோர் விஇ-தான் என்பதால் ஷாக், ஸ்பிரிங், புஷ் எல்லாம் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்கும்.

லூமினா_சாட்ஸ்வொர்த் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் சொல்ல ஆறு வாரம் ஆகிவிட்டது, நடுவில் தைப்பூசக் காவடி, அக்கா வீட்டு விசேஷம்.

மாமா பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். பம்ப் ஸ்டாப் இரண்டும் நசுங்கிப்போயிருந்தன. கம்பெனியிலிருந்து வந்த 18 இஞ்ச் வீல் நான்கையும் மச்சானின் அப்பா கராஜில் பத்திரமாக வைத்திருந்தார், ஆகவே வீலுக்குச் செலவில்லை. அவை எட்டு இஞ்ச் அகலம்தான் என்பதால் 245/45 டயரே போட்டேன், 200 ட்ரெட்வேர். ஸ்பிரிங், ஷாக், பழைய பின் பார், அலைன்மென்ட் எல்லாம் முடிந்தது. கேம்பர் ஒன்றரை டிகிரிக்கு மேல் வரவில்லை. சப்வூஃபர் பெட்டி 38 கிலோ, அக்கா பையன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன். வேறு பாதை என்பதால் நேரத்தை நேராக ஒப்பிட முடியாது, ஆனால் மாமாவுக்கும் எனக்கும் இடைவெளி மூன்று விநாடிக்குள் வந்துவிட்டது. ரன்எக்ஸ் அக்கா சொன்னபடி சாவியை மாமாவிடம் கொடுத்தேன். அவர் என் காரில் என்னைவிட ஒன்றரை விநாடி குறைத்துவிட்டு, ஏசி நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு கேள்வி மிச்சம். நீளமான இடது வளைவில் இரண்டு தடவை ஆயில் பிரஷர் விளக்கு மின்னியது. நேரான பிறகு அணைந்துவிட்டது. இது ஆபத்தா?

மெரிபேங்க்_மாமா எழுதியது:

ஆபத்துதான். ஏசியைப் பற்றிச் சொன்னது பாராட்டு, என் கோல்ஃபில் இல்லை.

வளைவில் ஆயில், சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. பிடிப்பு கூடிய டயர் போட்டபிறகு இது வருவது வழக்கம், முன்பு வண்டி அவ்வளவு வேகமாகத் திரும்பியிருக்காது. இன்று இரவே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) எடுத்துப் பார். தட்டையான இடத்தில், எஞ்சின் அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து. வி8 வண்டிகளில் ஆயில் குறைவது சகஜம், மேல்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவரை ஊற்று. போட்டி நாளில் மேல்கோட்டுக்கு மேலே அரை லிட்டர் வரை வைத்து ஓட்டுபவர்கள் உண்டு, நானும் ஈ34-இல் அப்படித்தான் செய்தேன். அதற்கு மேல் போகாதே, கிராங்க்ஷாஃப்ட் அடித்து நுரையாக்கிவிடும்.

அப்படியும் மின்னினால் சம்ப்பைக் கழற்றி உள்ளே தடுப்புத் தகடு போட வேண்டும். உன்னுடையது போன்ற எல்எஸ் எஞ்சின்களுக்கு ரெடிமேடாகவே விற்கிறார்கள். சம்ப்பை இறக்கும் வேலை கொஞ்சம் பெரியது, தனியாகத் தொடாதே. சனிக்கிழமை காலை காரைக் கொண்டு வா, நான் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது புது கேஸ்கெட்டும் ஆயில் ஃபில்டரும் வாங்கிக்கொண்டு வா. அதுவரை அந்த மாதிரி வளைவு எதிலும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதே.